ஆத்தூர்க் கொடி குடித்த தண்ணீர்

வெத்தலைக் கொடிக்குத் தண்ணி காட்டுறது கைப்பிள்ளைக்குப் பால் குடுக்குற மாதிரி. ஒரேயடியா ஊத்துனா வேர் அழுகிரும். ஒரு வேளை மறந்துட்டா தளிர் தலையைத் தொங்கப் போட்டுரும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுக்கணும். இதை மொதல்ல எழுதிக்கிடுங்க கோவிந்தராஜு தம்பி. இன்ஸ்பெக்டர் சாப் என்ன கேக்காருன்னு எனக்கு நல்லாவே புரியுது. இத்தனை வருசம் இந்தத் தீவுல இருந்துட்டு இந்தி புரியாமப் போகுமா? ஆனா பதிலைத் தமிழ்லதான் சொல்லுவேன். கொடிக்கால் சமாச்சாரத்தை இந்தியில சொல்ல எனக்கு வராது. நீங்க மாத்திச் சொல்லிருங்க. நான் எதையும் மறைக்கப் போறதில்ல, அதனால அவரு மேசையைத் தட்ட வேண்டாம்னும் சொல்லிருங்க.

பேரு சிவஞானம். சொந்த ஊரு திருநெல்வேலிச் சீமையில ஆத்தூர். தாமிரவருணி கடல்ல விழுறதுக்குக் கொஞ்சம் முந்தி எங்க ஊரு. எங்க பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் கொடிக்கால்காரங்கதான். பங்காளிச் சண்டையில எனக்கு நிலம் இல்லாமப் போச்சு, அந்த வருசமே பெஞ்சாதியும் காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டா. சின்னப் பையனைக் கையில பிடிச்சுக்கிட்டு மெட்ராசுல கப்பல் ஏறினேன். அம்பத்தி மூணோ நாலோ, வருசம் சரியா ஞாபகம் இல்ல. எல்லாரும் பெட்டி படுக்கை கொண்டு வந்தாக. நான் கொடி கொண்டு வந்தேன். நல்ல முத்தின கொடியாப் பாத்து வெட்டி, ஈரச் சாக்குல சுத்தி, வாழைச் சருகு வச்சுக் கட்டி, மடியில வச்சுக்கிட்டே வந்தேன். கப்பல்ல குடிக்கத் தண்ணி அளந்துதான் தந்தாக. என் பங்கையும் பையன் பங்கையும் அந்தச் சாக்கு மேலதான் தெளிச்சேன். பையன் நாக்கை வெளிய போட்டுக்கிட்டு அழுதான். பக்கத்துல இருந்த ஒரு அம்மா என்னை வாயில வந்தபடி ஏசுனா. நான் கண்டுக்கிடல. அவனுக்கு ஒண்ணும் ஆயிரல, நல்லாத்தான் வளந்தான். மாயாபந்தர் பக்கம் மரம் இழுக்கிற லாஞ்சில எஞ்சின் ஓட்டுதான். திருநாவுக்கரசு. நாங்க அரசுன்னு கூப்பிடுவோம்.

கராச்சர்மாவுல பஸ் நிக்கிற மேட்டுக்குக் கீழ எனக்கு ஒரு பள்ளத்து நிலம் அமைஞ்சுது. அதுக்கு அங்கிட்டு உப்பங்கழி, இங்க எல்லாரும் கிரீக்குன்னு சொல்லுதாக. நடுவுல ஒரு மண்கரை. மேட்டுப் பக்கம் தள்ளி ஒரு சின்ன ஓடை. மொதல்ல அகத்தி விதைச்சேன். அகத்தி ஆளுயரம் வந்த பெறவு அதுக்குக் காலடியில கொடியைப் பதிச்சேன். பாத்திக்கு நடுவுல வாய்க்கால் வெட்டி, கிணத்துத் தண்ணியை அதுல நிறுத்தி, ஓலைப்பெட்டியால அள்ளி அள்ளி விசிறணும். இந்தத் தீவுல மழைக்குக் குறைச்சல் இல்ல. ஆனா மழைத் தண்ணி குடிச்ச வெத்தல மெத்துனு இருக்குமே தவிர காரம் இருக்காது. கிணத்துத் தண்ணி குடிச்சாத்தான் காரம் ஏறும். ஹேடோ கப்பல்துறையில இருக்கிற நம்ம ஆளுக என் வெத்தலையை வாயில போட்டுட்டு, சாமி, ஊருக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்குன்னு சொல்லுவாக. வங்காளிக்காரனும் என்கிட்டதான் வாங்குவான். எனக்குப் பெருமைதான், இல்லைன்னு ஏன் சொல்லணும்?

கொடிக்காலுக்குச் சில முறை இருக்கு தம்பி. நீங்க தஞ்சாவூர்ப் பக்கம், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். குளிச்சுட்டுத்தான் உள்ள போகணும். செருப்புக் காலோட போகக் கூடாது. சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தவன் போகக் கூடாது. விலக்கான பொம்பளை படலைத் தாண்டவே கூடாது, அவ நிழல் பட்டாலே கொடி கருகிரும். சாப் சிரிக்காரு. சிரிக்கட்டும். கோயிலுக்குள்ள போற மாதிரின்னு சொல்லுங்க, அவருக்கு விளங்கும்.

முறையை மீறினா நான் ஏத்துக்கிட மாட்டேன். இதுவும் ஊருக்கே தெரியும். ஒரு தடவை ஆடு ஒண்ணு படலை முட்டிக்கிட்டு உள்ள வந்து தளிரைக் கடிச்சுட்டுது. ஆட்டுக்காரனைக் கூப்பிட்டு வச்சு, அவன் கண் முன்னாலயே அதோட நாலு காலையும் மண்வெட்டிக் கணையால அடிச்சு ஒடிச்சேன். கொல்லல. கொன்னா அது கொடிக்காலுக்குள்ள சாவு ஆயிரும். தூக்கி வெளிய போட்டுட்டேன். அதுக்குப் பெறவு அந்தப் பக்கம் ஒரு ஆடும் வரல. இன்னொரு தடவை, என்கிட்ட வேலை பாத்த ஜெகநாதன், தெலுங்குக்காரன், நல்ல உழைப்பாளி, ரப்பர் செருப்போட உள்ள வந்துட்டான். கழட்டுடான்னேன். கால்ல புண்ணு சாமின்னான். பேசிக்கிட்டே நின்னான். மண்வெட்டியை அந்தக் கால் மேலயே இறக்கிட்டேன். பெருவிரல் தனியாப் போச்சு. வெத்தலையை மென்னு வச்சு நான்தான் கட்டும் போட்டேன். அவன் கேஸ் குடுக்கல, ஆனா வேலைக்கும் வரல. அதுல இருந்து ஆள் கிடைக்கலை. நானும் மருமவளும்தான் தண்ணி விசிறிக்கிட்டு இருந்தோம்.

இப்ப மருமவ விசயத்துக்கு வாறேன்.

பேரு செலின். ஹேடோவுல மீன் பிடிக்கிற அந்தோணிமுத்து மக. எங்க பயதான் விரும்பிக் கட்டிக்கிட்டான். வேதக்காரப் பிள்ளையாச்சேன்னு நாலு பேரு என்கிட்ட வந்து ஓதுனாக. நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல. கொடிக்கால் முறையை மதிக்கணும், அது ஒண்ணு போதும்னேன். அவளும் மதிச்சா. அந்தப் பழியை நான் அவ மேல போட மாட்டேன். அஞ்சாறு வருசமாப் பிள்ளை இல்ல, அதுக்கும் நான் அவளைக் குத்திக் காட்டினதில்ல. அரசு மாசத்துக்கு ஒரு தடவை வருவான், சில சமயம் அதுவும் இல்ல. வீட்டுல நானும் அவளும்தான். வேற பொம்பளை கிடையாது. விலக்கானா மாமனார்கிட்ட வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால அவளே ஒரு வழி பண்ணினா. அன்னிக்குக் காலையில தண்ணிக் குடத்தைப் படல் ஓரமாக் கவுத்து வச்சுட்டு, பின்னால கொட்டகைக்குப் போயிருவா. குடம் கவுந்திருந்தா நான் புரிஞ்சுக்கிட்டு நானே சோறு பொங்கிக்கிடுவேன். குடம் நிமிந்த அன்னிக்கு அவ வேலைக்கு வருவா. இப்படி மரியாதையா ஒரு குறையும் இல்லாமப் போய்க்கிட்டு இருந்துச்சு.

போன தை மாசம் மழை சுத்தமா நின்னு போச்சு. கிணத்துல தண்ணி கீழ இறங்கிட்டுது. கொடிக்கு வேளை தப்பக் கூடாதுல்ல, நானே உள்ள இறங்கித் தோண்டினேன். அடியில பாறை மாதிரி ஒரு தட்டு. அதைக் கடப்பாரையால குத்தி உடைச்சதும் குபுகுபுன்னு தண்ணி பொங்கிக்கிட்டு வந்துச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுது. இந்த வயசுல என் கையால எடுத்த தண்ணி. அதுல ஒரு அதிசயம் என்னன்னா, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கிணறு தானாப் பெருகும். கோடையில எந்தக் கிணறு பெருகும், சொல்லுங்க? சாமி குடுத்ததுன்னு சூடம் கொளுத்தினேன்.

செலின் மட்டும் கிணத்தை எட்டிப் பாத்துட்டு, "மாமா, கடல் பெருகுற அன்னிக்குத்தான் இதும் பெருகுது"ன்னு சொன்னா. மீன்காரர் மகளுக்கு எல்லாம் கடலாத்தான் தெரியும்னு நான் கேலி பண்ணினேன். அவளும் சிரிச்சா.

மாசி பிறந்ததும் கொடிக்கு நோவு வந்துச்சு. மொதல்ல இலை சிறுத்துச்சு. பெறவு ஓரம் கருக ஆரம்பிச்சுது, நெருப்புல காட்டுன மாதிரி ஓரம் மட்டும். நடுவுல மஞ்சள். கணுவுக்குக் கணு இருக்கிற தூரம் குறைஞ்சு போச்சு. அகத்தி இலையைக் கொட்டுச்சு. காலையில பாத்தா பாத்தி ஓரமெல்லாம் சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளை பூத்துக் கிடக்கும். கொடியைப் பிடுங்கிப் பாத்தேன், வெள்ளை வேரே இல்ல, எல்லாம் கறுத்துக் கிடந்துச்சு. வேலியோரத் தென்னை மட்டும் கும்முன்னு நின்னுச்சு. நானும் சாணியைக் கரைச்சு ஊத்தினேன், வேப்பம் புண்ணாக்குப் போட்டேன், தண்ணியை ரெட்டிப்பா விசிறினேன். விசிற விசிற இன்னும் கருகுச்சு. மடியில வச்சுக் கொண்டு வந்த கொடி தம்பி. ராத்திரி தூக்கம் இல்ல.

அவ வந்து சொன்னா, "மாமா, தண்ணி கரிக்குது." பருப்பு வேகலைன்னு சொன்னா. சோப்பு நுரைக்கலைன்னு சொன்னா. கஞ்சிக்கு உப்பே போடுறதில்லையாம், தண்ணியிலேயே இருக்காம். குடிக்கிறதுக்கு மேட்டுக் குழாய்க்கு ஏறிப் போய்த் தூக்கிட்டு வருவா. நான் கிணத்துத் தண்ணியை வாயில விட்டுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. தண்ணி தண்ணியாத்தான் இருந்துச்சு. நான் முழிச்ச நேரமெல்லாம் வெத்தலை போடுறவன், சுண்ணாம்பும் போயிலையும் சேத்து. ஒரு வெத்தலையைத் துப்புறதுக்கு முந்தி அடுத்ததை மடிச்சுருவேன். நாக்கு தோல் மாதிரி ஆயிட்டுதுன்னு அரசு கேலி பண்ணுவான். இருந்தாலும் பரம்பரையாக் கொடிக்கால் வச்சவன் நான். தண்ணியைப் பத்தி எனக்கு ஒரு பிள்ளை சொல்லித் தரணுமா?

அப்பத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. குடம் கவுந்து எத்தனை நாளாச்சு? யோசிச்சுப் பாக்கேன், யோசிச்சுப் பாக்கேன், ஞாபகமே வரல. தைக்கு முந்திக் கவுந்திருந்துச்சு. தையில இல்ல. மாசியில இல்ல. பங்குனியும் பிறந்தாச்சு. கொடி கருக ஆரம்பிச்சதும் அதே மாசி. இதை நீங்க ஒண்ணா வச்சுப் பாருங்க, உங்களுக்கும் விளங்கும். விலக்கானதை மறைச்சுட்டு உள்ள வந்துக்கிட்டு இருந்திருக்கா. ஏன் மறைச்சான்னும் யோசிச்சேன். வேலைக்கு ஆள் இல்லாத நேரம், கிழவன் ஒத்தையில கஷ்டப்படுவானேன்னு இரக்கப்பட்டு இருக்கலாம். நான் அவளைக் கெட்டவன்னு சொல்லல. நல்ல மனசோட தப்புப் பண்ணினாலும் கொடிக்குத் தெரியுமா?

உடனே கையை ஓங்கிற ஆள் இல்ல நான். அவளைக் கவனிச்சேன். முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. காலையில வேலியோரம் குனிஞ்சு ஓங்கரிச்சுக்கிட்டு நிப்பா. கேட்டா, தண்ணி ஒத்துக்கிடலைன்னு சொல்லுவா. மறுபடியும் தண்ணி மேலயே பழி. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்தேன்.

அன்னிக்கு வெயில் ஏறி, நான் மூணாவது வாய்க்கால்ல தண்ணி விசிறிக்கிட்டு இருக்கேன், இவ ஓடி வந்தா. முகத்துல அப்படி ஒரு சந்தோசம். "மாமா, இங்க வந்து பாருங்களேன்"னு கையைப் பிடிக்காத குறையாக் கூட்டிக்கிட்டுப் போனா. படலை ஒட்டின மொத வரிசை. அதுக்குத் தண்ணி விடுறது அவ பொறுப்பு, அதை நான் சரியாக் கவனிக்கல, என் கண்ணெல்லாம் சாகக் கிடக்கிறது மேலதான் இருந்துச்சு. பாத்தா, அந்த ஒரு வரிசை மட்டும் பச்சைப் பசேல்னு தளிர் விட்டு நிக்குது. உள்ளங்கை அகலத்துக்கு இலை.

"இந்த வரிசைக்கு மட்டும் நான் மேட்டு ஓடைத் தண்ணியை ஊத்துனேன் மாமா. வேலிக்கு வெளிய நின்னே ஊத்துனேன். கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு விடல. பாத்தீங்களா? எல்லாத்துக்கும் ஓடைத் தண்ணியைத் திருப்பிருவோம். அவுக வந்த உடனே வாய்க்கால் வெட்டச் சொல்லுதேன்."

அவ சொன்னது எனக்குப் பாதிதான் காதுல விழுந்துச்சு. வேலிக்கு வெளிய நின்னே ஊத்துனேன்னு சொன்னா பாருங்க, அதுதான் விழுந்துச்சு. அவ கால் படாத வரிசை பிழைச்சிருக்கு. அவ கால் பட்டதெல்லாம் செத்திருக்கு. அவ வாயாலேயே சொல்லிட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

நான் நிதானமாத்தான் கேட்டேன். "ஏட்டி, குடத்தைக் கவுத்து எத்தனை மாசமாச்சு?"

அவளுக்கு முகம் செவந்து போச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "அது... அப்படி இல்ல மாமா. அவுக வந்த பெறவு சொல்லுதேன்."

வெக்கப்படுதா. தப்புப் பண்ணினவதானே வெக்கப்படுவா?

தலைமுடியைக் கொத்தாப் பிடிச்சு உள்ள இழுத்துக்கிட்டுப் போனேன். கத்துனா. அங்கன கத்துனா யாருக்குக் கேக்கும், மேட்டுல பஸ் சத்தம்தான். வாய்க்கால் ஓரத்துல முட்டி போட வச்சு, "தண்ணி கரிக்குதுன்னு சொன்னியே, குடிச்சுப் பாத்துச் சொல்லு"ன்னு முகத்தை உள்ள அமுக்குனேன். தூக்கிக் கேட்டேன். "கரிக்குது மாமா, சத்தியமாக் கரிக்குது"ன்னா. மறுபடி அமுக்குனேன். கரையில பதிச்ச கல்லுல வாய் இடிச்சுப் பல்லு ரெண்டு போச்சு. வாய்க்கால் செவந்துட்டுது. தூக்கிக் கேட்டேன். கரிக்குதுன்னா. எத்தனை தடவைன்னு சாப் கேக்காரு. எண்ணிக்கிட்டா இருப்பாங்க? என் கையில வலு இருக்கிற வரைக்கும். ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. எவளா இருந்தாலும் கரையில கையை ஊணி எந்திரிக்கப் பாப்பா, இல்ல என்னைப் பிறாண்டுவா. இவ ரெண்டு கையையும் வயித்தோட சேத்துக் கட்டிக்கிட்டா. கடைசி வரைக்கும் எடுக்கல. அது ஏன்னு எனக்கு அப்ப விளங்கல.

கடைசியாத் தூக்கினப்ப அவளால கண்ணைத் திறக்க முடியல. உதடு கிழிஞ்சு தொங்குது. "எப்படிட்டி இருக்கு தண்ணி?"ன்னு கேட்டேன். மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா. "இனிக்குது மாமா. நல்ல தண்ணி மாமா. விட்டுருங்க மாமா."

பாத்தீங்களா தம்பி? அப்போ அதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்தானே? தண்ணி மேல பழியைப் போட்டு இத்தனை நாளும் என்னை ஏமாத்தி இருக்கா. அதுக்குப் பெறவு நான் தூக்கல. கால் ரெண்டும் பாத்தியை உதைச்சு நாலஞ்சு கொடியைச் சாச்சுட்டுது. பெறவு அடங்கிட்டுது.

நான் சாஞ்ச கொடியை எடுத்து மறுபடி அகத்தியில கட்டினேன். செவந்த தண்ணியை வெளிய இறைச்சு ஊத்திட்டு, புதுசா நிறுத்தி, விட்டுப்போன வேளைக்கும் சேத்து விசிறி முடிச்சேன். பெறவுதான் அவளைத் தோள்ல தூக்கிக்கிட்டு மண்கரையைத் தாண்டி, கிரீக்குல கண்டல் மரத்து வேருக்குள்ள போட்டேன். கிணத்துல ஏன் போடலைன்னு சாப் கேக்காரு. நல்ல கேள்வி கேட்டாரு போங்க. கிணத்துல பொணத்தைப் போட்டாத் தண்ணி கெட்டுப் போகாதா?

அந்தோணிமுத்து ரெண்டு நாள் கழிச்சு டோங்கிப் படகைத் தள்ளிக்கிட்டு கிரீக் வழியா வந்தாரு. மகளுக்கு மீன் கொண்டு வந்திருந்தாரு. "சம்பந்தி, பிள்ளை எங்க?"ன்னு கேட்டாரு. ஹேடோவுக்குத்தான் போனா, வரலையான்னு கேட்டேன். நான் பொய் சொன்னது அது ஒண்ணுதான். அவரு என் முகத்தையே பாத்தாரு. வெத்தலையைக் குடுத்தேன், வாங்கல. திரும்பிப் போறப்ப தண்ணி வத்தி இருந்துச்சு. வேருக்குள்ள சேலை தெரிஞ்சிருக்கு. நண்டு கடிச்சுருந்துச்சு போல. அவரு போட்ட சத்தம் எனக்குக் கொடிக்காலுக்குள்ள கேட்டுது. என்னைத் தேடி வந்து வெட்டுவாருன்னு வெட்டுக்கத்தியை எடுத்துக்கிட்டு நின்னேன். வரல. மகளை டோங்கியில கிடத்தி, மேல வலையைப் போத்தி, நெஞ்சுல அடிச்சுக்கிட்டே தள்ளிக்கிட்டுப் போனாரு. அதுக்குப் பெறவு நீங்க எல்லாரும் வந்தீய.

முந்தாநாள் சாப் வந்து டாக்டர் சொன்னதைச் சொன்னாரு. வயித்துல மூணு மாசப் பிள்ளையாம்.

நான் கல்லு இல்ல. பேரனோ பேத்தியோ, என் ரத்தம்தானே. அன்னிக்கு முழுக்க நான் சாப்பிடல, உங்களுக்கே தெரியும். குடம் ஏன் கவுழலைன்னு அப்பத்தான் விளங்குச்சு. வயித்துல கையை வச்சது ஏன்னும் விளங்குச்சு. ஆனா அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? புருசன் வந்த பெறவு மொதல்ல அவன்கிட்டதான் சொல்லணும்னு வச்சிருந்திருக்கா. ஆசைதான், நான் தப்புன்னு சொல்லல. இருந்தாலும் மாமனார் கேக்கும்போது சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுல்ல? அதை அவ யோசிக்கல.

சரி, அவ விலக்காகல. அப்போ கொடி எதுனால கருகுச்சு? அதைத்தான் இந்த அறைக்குள்ள உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வேற யாரு உள்ள வந்திருப்பா? ஜெகநாதன் வந்து ஏதும் பண்ணியிருப்பானோன்னு கூட நினைச்சேன்.

இன்னிக்குக் காலையில அரசு வந்தான். லாஞ்சில இருந்து இறங்கி நேரா வந்திருக்கான், உடுப்பெல்லாம் கிரீஸ். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என்னை அப்பான்னு கூப்பிடல. கையில ஒரு பாட்டில். நம்ம கிணத்துத் தண்ணியாம், வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்திருக்கான். கம்பிக்குள்ள நீட்டி, "குடி"ன்னான். நீங்களும் பக்கத்துலதானே நின்னீய.

உங்க லாக்கப்புக்கு வந்ததுல இருந்து வெத்தலை இல்ல, சுண்ணாம்பு இல்ல, போயிலை இல்ல. மொதல்ல பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. பெறவு வாய்ப்புண்ணு ஆறி, நாக்கு பிள்ளை நாக்கு மாதிரி ஆயிட்டுது. நேத்துக் கஞ்சியில கூட உப்பு, புளிப்பு எல்லாம் தனித்தனியாத் தெரிஞ்சுது. அந்த நாக்கோட பாட்டிலை வாயில வச்சேன்.

ஒரு வாய் உள்ள போறதுக்குள்ள கொமட்டிக்கிட்டு வந்துட்டுது. தொண்டை எரியுது. கடல் தண்ணி தம்பி, கொஞ்சம் நல்ல தண்ணி கலந்த கடல் தண்ணி. அதைக் குடிச்சு எந்தக் கொடியும் பிழைக்காது. தென்னைதான் பிழைக்கும். "எப்படி இருக்கு?"ன்னு அரசு கேட்டான். நான் உள்ளதைச் சொன்னேன். கரிக்குதுன்னேன். அவன் பாட்டிலைச் சுவத்துல எறிஞ்சு உடைச்சுட்டுப் போயிட்டான். கண்ணாடித் துண்டு பட்டு என் நெத்தி கிழிஞ்சுது, இந்தா பாருங்க. மகன்தானே, போகட்டும்.

அதனால இதையும் சேத்து எழுதிக்கிடுங்க. செலினைக் கொன்னது நான்தான். என் ரெண்டு கையாலதான். அதை மாத்திச் சொல்ல மாட்டேன், எங்க வேணா கையெழுத்துப் போடுதேன். தண்ணி கரிக்குதுங்கிறதையும் ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தத் தண்ணி அவ செத்த பெறவுதான் கெட்டிருக்கணும். அன்னிக்கு அது நல்ல தண்ணிதான். அவளே குடிச்சுப் பாத்துட்டுத்தானே சொன்னா, இனிக்குது மாமான்னு.